வாந்திப் பொடியும் பூ மார்க் அப்பளமும்

போன மாதம் அக்கா மகன் துபாயிலிருந்து வந்திருந்தான். கோடாலித் தைலம், பேரீச்சம்பழம் எல்லாம் வழக்கம்போல. இந்தத் தடவை புதிதாக ஒரு சோப்புப் பொடி. அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, "வாசமா இருக்குலே" என்று உள்ளே கொண்டுபோகப் போனாள். நான் பாக்கெட்டை வாங்கி இங்கிலீஷ் எழுத்தைப் படித்தேன். பர்ஃப். அமெரிக்கப் பேச்சில் வாந்தி.

"வாந்தியப் போட்டா வேட்டிய வெளுப்பான்?" என்றேன். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தானுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பம்பாயில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர். "பர்ஃப்னா ஐஸ் கட்டி மாப்ளே" என்றார்.

அவர் பக்கம்தான் நியாயம். அது ஈரான் சரக்கு. பாரசீகத்தில் பர்ஃப் என்றால் பனி. துணி பனி மாதிரி வெளுக்கும் என்று வைத்த பெயர். அதே சொல்தான் இந்திக்கு வந்து ஐஸ் ஆனது, பர்பிக்கும் பெயர் கொடுத்தது. டவுனில் கால் கிலோ தேங்காய் பர்பி வாங்கும்போது நம்மில் யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லை.

என் தொழில் அப்படி, பெயர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஊறுகாய் லேபிள். பெயர் வைக்கிறவர்கள் எவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் 1919-ல் கல்பிஸ் என்று ஒரு பால் பானம் வந்தது. கால்சியத்திலிருந்து 'கல்', நெய்யைக் குறிக்கும் 'சர்பிஸ்' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து 'பிஸ்'. இத்தனை யோசித்து வைத்த பெயர் இங்கிலீஷ்காரன் காதில் 'கௌ பிஸ்', அதாவது மாட்டு மூத்திரம் என்று விழுகிறது. அமெரிக்காவில் கல்பிகோ என்று மாற்றித்தான் விற்கிறார்கள். புது வீட்டுக்குக் கோமியம் தெளிக்கிற ஊரில் விற்றிருந்தால் மாற்றியிருக்கவே வேண்டாம்.

அதே ஜப்பான்காரர்கள் 1980-ல் பொக்காரி ஸ்வெட் கொண்டுவந்தார்கள். ஸ்வெட் என்றால் வியர்வையேதான். வியர்வையில் போன உப்பையும் தண்ணீரையும் ஈடுகட்டுகிற பானமாம். தெரிந்தே வைத்த பெயர். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வீட்டிலேயே அப்பளம் போடும் ஒரு அம்மா கடைக்கு வந்தார்கள். பாக்கெட்டுக்குள் வைக்கிற தாள் லேபிள் வேண்டும். தாமரைப் படம், மேலே வளைவாக 'பூ மார்க் அப்பளம்'. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், அதனால் இங்கிலீஷிலும் போடச் சொன்னார்கள். பி, ஓ, ஓ என்று தட்டினேன். சிவப்பிலும் பச்சையிலும் ஆயிரம் லேபிள். அந்த 'ஓ' இரண்டையும் இதழ் மாதிரி வளைத்து வேறு விட்டிருந்தேன், பெருமையாக.

ஒரு மாதம் கழித்து போன். "அண்ணாச்சி, பேரன் அந்தப் பாக்கெட்டத் தொடவே மாட்டேங்கான். அங்க பிள்ளைங்க ஆய் போறதுக்கு அப்படித்தான் சொல்லுமாம்."

பாதி விலையில் 'தாமரை மார்க்' என்று மறுபடி அடித்துக் கொடுத்தேன். பழைய லேபிள் கட்டு இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பின்பக்கம் கணக்கு எழுத ஆகிறது.

சோப்புப் பொடிப் பேச்சோடு இதையும் அன்றைக்கு எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அம்மா பேரே பூவம்மாள். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏலே, அவனுவ ஏ-க்கு அடுத்தாப்ல என்ன எழுத்து சொல்லுவானுவ?"

"பி."

"இங்கிலீஷ் எடுத்த மொத நாளு டீச்சர் அதச் சொன்னதும் வகுப்பே சிரிச்சு, எல்லாருக்கும் புறங்கையில அடி. ரெண்டாவது எழுத்தே பீயில வச்சிருக்கவன், எம் பேரச் சொல்லிச் சிரிக்கானோ?"

பர்ஃப் பாக்கெட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துவைகல்லுக்குப் போய்விட்டாள்.