பழைய செய்தித்தாளும் ஒரு கைப்பிடி வெந்தயமும்

கோடை விடுமுறை தொடங்கியவுடன் பிள்ளைகளுக்கான கைவினைப் பெட்டிகள் கடைகளில் அடுக்கடுக்காக வந்துவிடுகின்றன. பெட்டியைத் திறந்தால் அளவாக வெட்டிய தெர்மாகோல் துண்டுகள், ஜிகினாத்தூள், பசைக்குழாய், எதை எங்கே ஒட்டவேண்டும் என்று எண் போட்டுக் காட்டும் அட்டை ஆகியவை இருக்கும். பிள்ளை அதை ஒட்டி முடித்ததும் அந்தப் பொருள் சில நாள்கள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கும். பிறகு தூசி படிந்து குப்பைக்குப் போகும். தெர்மாகோல் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கின்றன. விருந்துப் பந்தியிலிருந்து விலக்கிய அதே பொருளைப் பிள்ளையின் விளையாட்டுக்கென்று காசு கொடுத்து வாங்கி வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து எதைச் செய்தாலும் அது வீட்டில் புழங்கும் பொருளாக இருக்கவேண்டும் என்பதே நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல். சாவி போட்டு வைக்கும் கிண்ணமாகவோ, கொலுப்படியில் நிற்கும் பொம்மையாகவோ, நிலைவாசலில் தொங்கும் தோரணமாகவோ அது இருக்கலாம். தான் செய்த கிண்ணத்திலிருந்து அப்பா தினமும் வண்டிச் சாவியை எடுத்துப் போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அடுத்ததைச் செய்யும் ஆசை தானாகவே வந்துவிடுகிறது. யாரும் தட்டிக்கொடுக்கத் தேவையிருப்பதில்லை.

முதலில் செய்யத் தகுந்தது காகிதக்கூழ்க் கிண்ணம். சிவகங்கைப் பக்கத்தில் என் அப்பத்தா காலத்துப் பெண்கள் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் கூடை செய்வார்கள். ஓட்டை விழுந்த மூங்கில் முறத்துக்கும் அதே கூழைப் பூசி மெழுகிவிடுவார்கள். வெந்தயம் அரைபட்டால் வரும் கொழகொழப்பு காகித நாரைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் கசப்பினால் பூச்சியும் எளிதில் அண்டுவதில்லை. இதே காகிதக்கூழ்க் கலை தொழிலாகவே வளர்ந்த ஊர்களும் உண்டு. புதுச்சேரிப் பகுதியிலுள்ள திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைப் பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை. கொலுவுக்கு நாம் வாங்கும் எடை குறைந்த பொம்மைகளில் பலவும் காகிதக்கூழால் செய்யப்பட்டவையே.

செய்முறைக்கு வருகிறேன். ஒரு சிறிய கிண்ணத்துக்கு ஐந்தாறு முழுத் தாள்கள் போதும். வழவழப்பான வண்ண இணைப்புத் தாள்களை ஒதுக்கிவிட்டு, சாதாரணச் செய்தித்தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிப்பது நல்லது. கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் கூழ் நன்றாகச் சேர்ந்துகொள்ளும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் இந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம். கிழித்த துண்டுகளை வாளி நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, நாற்றம் வராமலிருக்கத் தினமும் தண்ணீரை மாற்றவேண்டும். நன்றாக ஊறிய காகிதத்தைப் பிழிந்து, உரலிலோ மிக்ஸியிலோ அடித்துக்கொள்ளலாம். மிக்ஸி என்றால் சிறிது சிறிதாக, தாராளமாக நீர்விட்டு அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் திணறிவிடும். முதல்நாள் இரவே ஊறப்போட்ட ஒரு கைப்பிடி வெந்தயத்தைப் பொங்கப் பொங்க அரைத்து, பிழிந்த கூழோடு சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசைய வேண்டும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்ப்பதும் எங்கள் வீட்டு வழக்கம்.

எவர்சில்வர் கிண்ணமொன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரமான மெல்லிய பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொண்டு, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அப்பிக்கொண்டே வரவேண்டும். கனம் அரை சென்டிமீட்டர் இருந்தால் சரியாக இருக்கும். பிள்ளைகள் அடிப்பாகத்தில் அள்ளி அப்பிவிட்டு விளிம்பில் மெலிதாக விட்டுவிடுவது வழக்கம். காய்ந்த பிறகு முதலில் பிய்ந்து வருவது விளிம்புதான் என்பதால், அங்கே மட்டும் ஒரு பட்டை கூடுதலாக வைத்து அழுத்தச் சொல்லலாம். மற்றபடி அவர்கள் கையை விட்டுவிடுங்கள். என் மகன் செய்த கிண்ணத்தின் வெளிப்புறம் முழுவதும் அவனுடைய கட்டைவிரல் பதிவுகள் சிறு குழிகளாக, ஏறத்தாழ ஒரே சாய்வில் வரிசையாக இருக்கின்றன. அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்த எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கடையிலும் கிடைக்காத வேலைப்பாடு அது.

முதல்நாள் நிழலில் காயட்டும். எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் காய்ந்து வெடிப்பு விடும். மறுநாள் வெயிலுக்கு மாற்றி, பாதி இறுகியதும் துணியோடு சேர்த்து அச்சிலிருந்து மெதுவாகக் கழற்றி, உட்புறத்தைத் திருப்பிக் காயவைக்கவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நான்கு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். இதனால்தான் இந்த வேலையை நவராத்திரி நெருங்கும் புரட்டாசிக்குத் தள்ளாமல் கோடையிலேயே முடித்துவிடச் சொல்கிறேன். மழைக்காலத்தில் கூழ் காய்வதற்கு முன்பே பூஞ்சை பிடித்துவிடும்.

காய்ந்த கிண்ணத்துக்குச் செம்மண் காவியைக் கரைத்து இரண்டு முறை பூசி, அது உலர்ந்ததும் வெள்ளை வண்ணத்தில் புள்ளிக் கோலம் போடச் சொல்லலாம். வாசலில் போடும் நான்கு புள்ளிக் கோலம் ஒன்றைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. தரையில் போட்ட கோலம் மறுநாள் அழிந்துவிடும். கிண்ணத்தின் மேல் போட்டது நிற்கும். இந்தக் கிண்ணத்தில் சாவி, பொத்தான், நூல்கண்டு, நாணயம், கொலுவுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் குங்குமப் பொட்டலம் எதையும் வைக்கலாம். தின்பண்டம் மட்டும் வேண்டாம். செய்தித்தாளின் மையில் உடலுக்குக் கேடான பொருள்கள் உண்டு என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதியக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. கூழாக்கினாலும் மை அதிலேதான் இருக்கிறது.

பசையைப் பற்றியும் சொல்லவேண்டும். மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கண்ணாடி போல மினுமினுக்கும் வரை கிண்டி இறக்கினால் வீட்டுப் பசை தயார். பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது புத்தகம் கட்டுபவர்களின் பழைய வழக்கம். பார்க்க அழகான நீலக்கல்லாக இருந்தாலும் அது நஞ்சு. பிள்ளைகள் விரலால் தொட்டு வேலை செய்யும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. வேப்பிலை கொதித்த நீரில் மைதாவைக் கரைத்துக்கொண்டு, செய்த பசையை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவது போதுமானது.

அந்தப் பசையைக் கொண்டு செய்யக்கூடிய அடுத்த பொருள் தலையாட்டிப் பொம்மை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்ற கைவினைதான். அதில் இரண்டு வகை உண்டு: உருண்ட அடிப்பாகத்தோடு, எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் ராஜா ராணி ஒன்று; தலை, உடல், பாவாடை என்று தனித்தனிப் பகுதிகள் கம்பியில் நின்று அசையும் நடனப் பெண் மற்றொன்று. இரண்டாவது தேர்ந்த கைகளின் வேலை. முதல் வகையை ஒரு முட்டை ஓட்டை வைத்து வீட்டிலேயே செய்துவிடலாம்.

முட்டையின் கூரிய முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளையிட்டு, உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டைச் சோப்பு நீரில் உள்ளும் புறமும் கழுவிக் காயவைக்கவேண்டும். முட்டை ஓட்டில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால் கழுவும் வேலையைப் பெரியவர்களே செய்வது நல்லது. பிறகு ஈரக் களிமண்ணைச் சிறு உருண்டையாக உருட்டி, துளை வழியாக உள்ளே இட்டு, பென்சிலின் பின்முனையால் அடியில் அழுத்தவேண்டும். களிமண் முட்டையின் உயரத்தில் கால்பங்குக்கு மேல் போகக்கூடாது, நட்ட நடுவில் அமரவேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால் ராஜா காலமெல்லாம் சாய்ந்தே நிற்பார். ஈரம் முழுவதும் காய்ந்தபின், விரலகலக் காகிதப் பட்டைகளை மைதாப் பசையில் தோய்த்து, ஓட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு ஒட்டினால், கீழே விழுந்தாலும் எளிதில் நொறுங்காத உடல் கிடைத்துவிடும். துளையின் மேல் காகிதக் கூம்பு ஒன்றை ஒட்டினால் அதுவே கிரீடம். கிரீடம் கனமாக இருந்தால் பொம்மை நிமிராது. அதனால் மெல்லிய தாளே போதும்.

பொம்மை ஏன் விழுவதில்லை என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். எடை முழுவதும் அடியில் இருப்பதால், பொம்மையைச் சாய்க்கும்போது அதன் ஈர்ப்புமையம் மேலே உயர்கிறது. உயர்ந்தது தாழ்ந்த நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அதனால் பொம்மை நிமிர்கிறது. இதை வாயால் விளக்குவதைவிட, களிமண் வைக்காத வெறும் முட்டை ஓடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகள் இரண்டையும் மாறி மாறித் தட்டிவிட்டு, களிமண்ணைக் கிரீடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று தானே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

வாசலுக்கு ஓலைத் தோரணம். இதற்கென்று தென்னையின் குருத்தை வெட்டவேண்டாம். குருத்துப் போனால் மரத்துக்குக் கேடு. தேங்காய் பறிக்கும்போது வெட்டிப்போடும் பச்சை மட்டையின் ஓலையே பழகுவதற்குப் போதும், நிறம் மட்டும் மஞ்சளாக இராது. ஈர்க்கை நீக்கிவிட்டு, கிளி மடிப்பை ஊரில் தெரிந்த பெரியவரிடம் பிள்ளையை உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மங்கல வீட்டுத் தோரணத்துக்கும் துக்க வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பில் வேறுபாடு உண்டு. காணொளியைப் பார்த்து மடிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. கோயில் திருவிழாவில் தோரணம் கட்டிய கைகளுக்குத் தெரியும். அதே ஓலையின் இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகினால் காற்றாடியும் ஆயிற்று. முள்ளைச் செருகும்போது மட்டும் நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.

கோடையில் செய்தவற்றை நவராத்திரி வரை காப்பாற்றுவது எளிது. கிண்ணத்தையும் பொம்மையையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு கிராம்பும் ஒரு கொத்துக் காய்ந்த வேப்பிலையும் போட்டு, தரையில் படாமல் அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை வரும். ஆடி மாதத்தில் நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து ஒருமுறை வெளியே எடுத்து உலர்த்திவிட்டால், படி கட்டும் நாளில் ராஜா ராணியைக் கீழ்ப்படியில், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம். வருபவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்க்கட்டும்.