கணுக்காலும் காந்தமும்: ஸ்கேன் அறை நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் முதல் ஆளே கணுக்கால். வாலிபால் ஆடுகிற பையன். பொங்கல் போட்டியில் தாவி இறங்கும்போது பாதம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரத்துக்கு மேலாகியும் வெளிப்பக்க எலும்புக்குப் பின்னால் வீக்கம் வடியவில்லை. தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண். அதில் வரும் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் இப்போது எம்ஆர்ஐ.

டாக்டர் சீட்டில் ‘வலது கணுக்கால் வலி’ என்று மட்டும் இருந்தது. இது எனக்குப் பழகிப்போன வருத்தம். கணுக்காலைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட தசைநாண்கள் ஓடுகின்றன, எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்ட்கள் வேறு. எதைச் சந்தேகப்படுகிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் எந்தத் தளத்தில், எவ்வளவு மெல்லிய குறுக்குவெட்டுகளாகப் படமெடுப்பது என்று நாங்கள் முடிவு செய்யலாம். “தம்பி, ஒரே விரலால் காட்டுப்பா, எங்கே வலிக்குது?” என்றேன். எலும்பு முனைக்குப் பின்னால் சரியாக ஒரு இடத்தில் விரலை வைத்தான். அந்த இடத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை வைத்து பிளாஸ்திரி ஒட்டினேன். உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழும். ரிப்போர்ட் எழுதுகிறவர் தேட வேண்டியதில்லை.

பிறகு காயிலுக்குள், அதாவது சிக்னலைப் பிடிக்கும் கூட்டுக்குள், பாதத்தை வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்தேன். அரை மணி நேரம் சத்தத்துக்கு நடுவில் அசையாமல் கிடந்தான். நல்ல பையன்.

மார்ச் 6, வியாழன்

ஒரு டீச்சர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உள்பக்கக் கணுக்காலில் வலி, பாதம் தட்டையாகிக்கொண்டு வருகிறது. மெட்டியைக் கழற்றத் தயங்கினார். “கல்யாணமான நாளிலிருந்து கழற்றினதே இல்லை தம்பி.” வெள்ளியைக் காந்தம் இழுக்காதுதான். ஆனால் உலோக வளையத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறலாம், பக்கத்தில் இருக்கும் படமும் சிதையும். பாதத்தையே படமெடுக்கும்போது மெட்டியை விட்டுவைக்க வழியில்லை. சோப்புத் தண்ணீர் விட்டு அவர் கணவரே மெல்லக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்றைய படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். நல்ல தசைநாண் எம்ஆர்ஐயில் கறுப்பாகத் தெரியும். கிழிசலோ தேய்மானமோ இருந்தால் அந்தக் கறுப்புக்குள் சாம்பல் அல்லது வெள்ளை நிறம் வரும். ஆனால் நல்ல தசைநாணும் ஓரிடத்தில் சாம்பலாகத் தெரியலாம். எங்கள் இயந்திரத்தில் காந்தப் புலம் படுத்திருப்பவரின் தலையிலிருந்து காலை நோக்கி ஓடுகிறது. அந்தத் திசைக்குச் சுமார் 55 டிகிரி சாய்வில் தசைநாண் வளையும் இடத்தில், எக்கோ டைம் (ரேடியோ அலையை அனுப்பியதிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் வரை ஆகும் நேரம்) குறைவான படங்களில் மட்டும் இப்படி வரும். இதற்கு மேஜிக் ஆங்கிள் என்று பெயர். கணுக்காலில் இறங்கும் தசைநாண்கள் பெரும்பாலும் எலும்பைச் சுற்றித் திரும்பிப் பாதத்துக்குள் போகின்றன. அந்தத் திருப்பத்திலேயே கிழிசலும் அதிகம் வரும், இந்தப் பொய்த் தோற்றமும் வரும்.

அதனால் பாதத்தை 20 டிகிரி போலக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன், எக்கோ டைம் அதிகமான டி2 படமும் கட்டாயம் எடுக்கிறேன். டீச்சருக்கு ஒரு படத்தில் சாம்பலாக இருந்த இடம் டி2-வில் சுத்தக் கறுப்பு. கிழிசல் இல்லை. ஆனால் சற்று மேலே தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்திருந்தது. அது இரண்டு படத்திலும் இருக்கிறது, நிஜம்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வந்த ஒருவருக்கு ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்ததாம், திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் பள்ளம் தெரிகிறது. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்கள் ரேடியாலஜிஸ்ட் மேடம் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். பாதம் அசையவே இல்லை. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண் முழுதாக அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தச் சோதனையே பெரும்பாலும் போதும். அவரை எங்களிடம் அனுப்பிய டாக்டருக்கு மேடமே போன் செய்து பேசினார். அல்ட்ராசவுண்ட் மட்டும் பார்த்து இன்றே ஆர்த்தோவிடம் (எலும்பு, மூட்டு டாக்டர்) அனுப்பியாயிற்று. அவருக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம், அதைவிட நேரம் மிச்சம். எம்ஆர்ஐ எடுக்காமல் ஒருவர் போனதில் எனக்கு மனநிறைவு.

மார்ச் 15, சனி

வாலிபால் தம்பியின் ரிப்போர்ட் ஏற்கெனவே போய்விட்டது. வெளிப்பக்க எலும்புக்குப் பின்னால் இரண்டு பெரோனியல் தசைநாண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. பிரெவிஸ் எலும்பை ஒட்டிக் கிடக்கும், லாங்கஸ் அதன் பின்னால். கால் பிசகும்போது பிரெவிஸ் நடுவில் நசுங்கி நீளவாக்கில் பிளக்கும். இவனுக்கும் அதேதான். மாத்திரை ஒட்டிய இடத்துக்கு நேர் உள்ளே, குறுக்குவெட்டுப் படத்தில் பிரெவிஸ் பிறை போல வளைந்து லாங்கஸை அணைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் தசைநாண் இடம் விட்டு நழுவுகிறதா என்பது ஆர்த்தோவின் கேள்வி. ஓய்வாக வைத்த காலில் எடுத்த படம் அதைக் காட்டாமல் போகலாம். இன்று மேடம் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துக்கொண்டு, பாதத்தை மேலே தூக்கி வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். திரையில் தசைநாண் எலும்பு விளிம்பைத் தாண்டி டக்கென்று ஏறி, மறுபடி இறங்கியது. “இதுதாண்ணா, மாடிப்படி இறங்கும்போது இப்படித்தான் குதிக்குது” என்றான் தம்பி. எம்ஆர்ஐ பிளவைக் காட்டியது, தசைநாணை இடத்தில் பிடித்து வைக்கும் பட்டை பலவீனமாக இருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டியது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆபரேஷனைப் பற்றி ஆர்த்தோ பேச முடியும்.

மார்ச் 20, வியாழன்

ரிப்போர்ட்டில் ‘டியர்’ (tear, கிழிசல்) என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து ஒரு அக்கா போன் செய்தார். வலி இருப்பது குதிகாலில், ரிப்போர்ட் சொல்வது வெளிப்பக்கத்தில் ஒரு சிறு பிளவு. வலியே இல்லாதவர்களின் பெரோனியல் தசைநாண்களிலும் எம்ஆர்ஐ இப்படி ஏதாவது காட்டுவதுண்டு. அதைச் சொல்லி, காலைத் தொட்டுப் பார்த்த டாக்டரிடமே படத்தோடு போகச் சொன்னேன்.

வரவேற்பில் தரும் படிவத்தில் புதிதாகச் சில வரிகள் சேர்த்திருக்கிறோம்: எப்போது அடிபட்டது, ஒரு விரலால் காட்டினால் எந்த இடம், ஒற்றைக் காலில் நுனிவிரலில் நிற்க முடிகிறதா.

நாளைக்கு ஒரு பெரியவர் வருகிறார், பேஸ்மேக்கர் வைத்தவர். எம்ஆர்ஐக்கு ஏற்ற மாடலா என்று தெரியாமல் அறைக்குள் விட முடியாது. பேஸ்மேக்கரோடு கொடுத்த கார்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஏற்றதில்லை என்றால் அல்ட்ராசவுண்ட்தான்.