சோறு தின்னா மட்டும் போதாதுங்க, பெருங்காய டப்பாவையும் பாக்கோணும்

எம்பொண்ணுக்கு சீலியாக் நோய்னு சொன்னா ஒறம்பரைக எல்லாரும் ஒரே மாதிரிதான் கேப்பாங்க, "கோதுமை தானே அம்மிணி ஆகாது, நாம என்ன சப்பாத்தி தின்னா வளந்தோம், சோத்தப் போட்டு உடு". நியாயமான கேள்விதான். அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, கம்மஞ்சோறு, ராகிக்களி, கொள்ளுப்பருப்புன்னு நம்ம பக்கத்து பழைய சாப்பாட்டுல முக்காவாசியில குளூட்டனே, அதாவது இந்த நோய்க்கு ஆகாத அந்த கோதுமைப் புரதமே, கெடையாது. ஆனா இன்னைக்கு அடுப்படியில இருக்கற டப்பாவ ஒண்ணொண்ணா திருப்பிப் படிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்.

மொத ஆளு பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசின் ரொம்ப காட்டமா இருக்கும்னு அதோட மாவு கலந்துதான் கூட்டுப் பெருங்காயமா விக்கறாங்க, நெறைய டப்பாவுல அந்த மாவு கோதுமை மாவோ மைதாவோதான். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாத்துலயும் அது போகுதுல்ல. அரிசி மாவு கலந்ததும் கெடைக்குது, பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கறத படிச்சு வாங்கோணும், அவ்வளவுதான்.

கொஞ்சூண்டு போனா என்னன்னு கேட்டா, இது அலர்ஜி மாதிரி இல்லீங்க. கோதுமை, பார்லி, ரைங்கற தானியம் இதுல இருக்கற குளூட்டன் உள்ள போனா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலத் தாக்குது. சத்த உறிஞ்சறதுக்குன்னு குடல் உள்பக்கம் இருக்கற குடலுறிஞ்சிக தட்டையாப் போயிருது, அப்புறம் எத்தன இரும்பு டானிக் குடுத்தாலும் ரத்தம் ஏறாது. எங்க பாப்பாவுக்கு அப்படித்தான், வயிறு உப்புசம், ஆளு வளரல, ஒவ்வொருத்தரும் பூச்சி மருந்து குடுங்கன்னே சொல்லிட்டு இருந்தாங்க. கடைசியா டிடிஜின்னு இந்த நோய்க்குப் பாக்கற ரத்த டெஸ்ட், அப்புறம் எண்டோஸ்கோபி பண்ணி குடல்ல துளி சதை எடுத்துப் பாத்துதான் உறுதி பண்ணாங்க. டவுட் இருக்குதுன்னு நீங்களா கோதுமைய நிறுத்திப்போட்டு டெஸ்டுக்கு போகாதீங்க, நோய் இருந்தாலும் ரிசல்ட்ல தெரியாமப் போயிரும்.

இதுக்கு மருந்து மாத்திர இல்ல, ஆயுசுக்கும் பத்தியந்தான். சம்பா கோதுமை, ரவை, சேமியா, பார்லி மால்ட் போட்ட சத்துமாவு எதுவும் ஆகாது. கடையில சிறுதானிய பிஸ்கட்னு பச்சை கவர்ல அழகா வெச்சிருப்பாங்க, பொருள் பட்டியல்ல மொத பேரே கோதுமை மாவா இருக்கும், பாத்தா எரிச்சல் எரிச்சலா வரும். குளூட்டன் ஃப்ரீன்னு போடோணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு சட்டமே சொல்லுது, அந்த வார்த்தை இருக்குதான்னு பாருங்க.

மாவு மில்லுதான் பெரிய தலைவலி. மில்லுல மாவு வுழுகற வாயில ஒரு துணி கட்டி வெச்சிருப்பாங்கல்ல, கை வெச்சு ஒரு தட்டு தட்டுனா முன்னாடி அரைச்சவங்க கோதுமை மாவு புசுபுசுன்னு நம்ம ராகி மேல கொட்டும். மில்லுக்கார அண்ணன் நல்ல மனுசன், "மொத ரெண்டு கைப்பிடிய தள்ளிப்போடலாம் கண்ணு"ன்னாரு, ஆனா அதெல்லாம் பத்தாது. இப்ப கம்பு, ராகி எல்லாம் கழுவிக் காயவெச்சு வீட்டுலயே அரைச்சுக்கறோம்.

நோம்பின்னா ஒப்புட்டுக்கு மைதா வந்துரும். அதனால எங்கம்மா மொத வேலையா புது எண்ணெயில அரிசிமாவு கச்சாயம் பேத்திக்குன்னு சுட்டு எடுத்து வெச்சுட்டுத்தான் மத்தத ஆரம்பிப்பாங்க. மைதா பலகாரம் சுட்ட எண்ணெயில சுட்டா கச்சாயமும் கெட்டுப்போகுமுன்னு அவங்களுக்கு ஒருதடவதான் சொன்னேன், இப்ப அவங்கதான் ஊருக்கே பாடம் எடுக்கறாங்க. ரோட்டுக்கடை காளானுக்கு மட்டும் பாப்பா இன்னும் ஏங்கறா, அதுல மைதாவும் இருக்கு, சோயா சாஸ்லயும் பெரும்பாலும் கோதுமை இருக்கு. வீட்டுல சோளமாவும் அரிசி மாவும் போட்டு பண்ணித் தரேன், சுமாராத்தான் வருது.

இன்னொண்ணு, இது குடும்பத்துல ஓடற சமாச்சாரம். ஒருத்தருக்கு இருந்தா அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்கன்னு எல்லாரும் டெஸ்ட் எடுக்கோணும், வெளிய ஒரு தொந்தரவும் இல்லாமயே உள்ள இருக்கலாம். எனக்கும் சின்னவனுக்கும் எடுத்தாச்சு, இல்லைன்னு வந்துருச்சு. எங்க வூட்டுக்காரருதான் ஊசிக்கு பயந்துக்கிட்டு அடுத்த வாரம், அடுத்த வாரம்னு ஓட்டிட்டு இருக்காரு.