மூன்று நாள் வராத முன் ஹப்

முன் ஆக்சில் ஷாஃப்டை, அதாவது இன்ஜின் சுழற்சியை வீலுக்குக் கொண்டுபோகும் தண்டை, கழற்றலாம் என்று உட்கார்ந்தபோது ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் ஆனது. அதில் இரண்டரை நாள் நான் பலத்தைப் போட்ட இடமே தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வண்டி ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் டிரக். முன்னாலும் ஒரே துண்டான கெட்டி ஆக்சில். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பினால் இடது முன் வீலிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம், ஃபோர் வீலில் போட்டால் அதுவே கடகடவென்று வண்டியையே உலுக்கும். என் வண்டியில் ஹப்பை, அதாவது வீல் மாட்டும் நடுப் பாகத்தை, ஷாஃப்டிலிருந்து தனியாக விடுவிக்கும் லாக் கிடையாது, முன் ஷாஃப்ட் எப்போதும் வீலோடு சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் சாதாரண ஓட்டத்திலும் சத்தம் கேட்டது. ஷாஃப்டின் இரண்டு துண்டுகளையும் இணைக்கும் கூட்டல் குறி வடிவ மூட்டான கிராஸ் போய்விட்டது என்று புரிந்தது. கிராஸை மாற்ற ஷாஃப்ட் வெளியே வரவேண்டும், ஷாஃப்ட் வரவேண்டும் என்றால் அது வெளியேறும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும் ஹப் முதலில் வரவேண்டும். இந்த ஹப் பேரிங்கோடு சேர்ந்த ஒரே உருப்படி. பின்னாலிருந்து மூன்று போல்ட் அதை நக்கிளோடு (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வீலோடு சேர்ந்து திரும்பும் இரும்புப் பாகம்) பிடித்திருக்கும்.

முதல் பாதி சுலபம். நட்டு சுழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை எடுத்துவிட்டு, தம்பியை பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்காரவைத்து, 36 மி.மீ. சாக்கெட்டில் நீளக் குழாயைச் செருகி ஷாஃப்ட் நுனியில் இருக்கும் நடு நட்டை இளக்கினேன். பின் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஆக்சிலை ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு வீல், பிரேக் காலிப்பர், டிஸ்க் எல்லாம் வந்துவிட்டன. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி கட்டி மேலே மாட்டிவிடுங்கள். வீல் வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சாரை அதன் ஓட்டையிலிருந்து பிடுங்கப் பார்க்காதீர்கள், துருவில் இறுகிய பிளாஸ்டிக் அப்படியே நொறுங்கும். ஒயரைத் தொடர்ந்து மேலே போய் கனெக்டரில் கழற்றிவிட்டால் சென்சாரும் ஹப்போடு சேர்ந்து வந்துவிடும். பின்னால் இருக்கும் மூன்று போல்ட்டும் சாதாரண ஆறு பட்டைத் தலை இல்லை, 12 முனைத் தலை. வயர் பிரஷ்ஷால் தலையைச் சுத்தமாகத் தேய்த்து, சாக்கெட்டை முழு ஆழத்துக்குத் தட்டி இறக்கின பிறகுதான் பலம் போடவேண்டும். தலை வழுக்கிவிட்டால் அது தனிக் கதை.

மூன்று போல்ட்டும் கையோடு வந்துவிட்டன. ஹப் அசையவில்லை.

துரு கழற்றும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் பெரிய சுத்தியலால் ஹப்பின் முகத்தில் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. பிறகு மூன்று கால் புல்லரை (திருகை முறுக்கி இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டி, நடுத் திருகை ஷாஃப்ட் நுனியில் வைத்து முறுக்கினேன். கிடுக்கென்று ஒரு சத்தம் வந்தது, வந்துவிட்டது என்று துள்ளினேன். பார்த்தால் ஷாஃப்ட்தான் ஹப்பின் பல்லிலிருந்து உள்ளே நகர்ந்திருக்கிறது. ஹப் இருந்த இடத்திலேயே.

கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. புல்லர் முட்டுக் கொடுப்பது ஷாஃப்டில், ஹப் ஒட்டிக்கொண்டிருப்பதோ நக்கிளில். நான் எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் பலம் ஷாஃப்டை டிஃப்ரென்சியல் (ஆக்சிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கம் தள்ளுமே தவிர, நக்கிளுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒன்றுமே செய்யாது. சுத்தியல் அடியும் அப்படித்தான், அடி விழுவது வீல் மாட்டும் முகத்தில், அது பேரிங் உருளைகள் வழியாகத்தான் வெளிக் கூட்டுக்குப் போய்ச் சேரும். இன்னும் பலமாக அடித்திருந்தால் பேரிங் இரண்டாகப் பிரிந்து முகம் மட்டும் கையில் வந்து, வெளிக் கூடு நக்கிளுக்குள்ளேயே தங்கியிருக்கும். புது ஹப் வாங்கி வைத்திருந்ததால் அடித்தேன். பழைய ஹப்பையே திரும்பப் போடப் போகிறவர்கள் முகத்தில் அடிக்கவே கூடாது, பேரிங் பாதையில் பள்ளம் விழுந்துவிடும்.

பிடித்துக்கொண்டிருப்பது போல்ட் இல்லை, துரு. ஹப்பின் வட்டமான பின்பாகம் நக்கிளின் துளையில் இறுக்கமாக உட்காரும்படி கடைந்த வேலை. அந்த நூலிழை இடைவெளிக்குள் தண்ணீர் போய் இரும்பு துருவாகும்போது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் இடம் கேட்டால் என்ன ஆகும், ஆப்பு அடித்த மாதிரி சுற்றிலும் இறுகிவிடும். இதற்கு வெளியிலிருந்து இழுப்பதைவிட பின்னாலிருந்து, நக்கிளின் பக்கமிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறித் தள்ளுவதுதான் வழி.

தள்ளும் பலம் வண்டியிலேயே இருக்கிறது. பவர் ஸ்டீயரிங்.

மூன்று போல்ட்டையும் திரும்ப முழுதாக முடுக்கி, அப்புறம் ஆளுக்கு ஐந்தாறு மரை மட்டும் வெளியே எடுத்தேன். ஹப்புக்குள் நிறைய மரை பிடித்திருக்க வேண்டும், நுனியில் ரெண்டு மரையில் தொங்கினால் மரை உரிந்துவிடும். இப்போது போல்ட் தலை நக்கிளின் பின்புறம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் தலையில் சாக்கெட், சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டை நீட்டும் இரும்புத் தண்டு), எக்ஸ்டென்ஷனின் மறுமுனை ஆக்சில் குழாயின் கெட்டியான பாகத்தில். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் நக்கிள் திரும்பும், எக்ஸ்டென்ஷன் நடுவில் மாட்டி போல்ட்டை வெளியே தள்ளும், போல்ட் ஹப்பைத் தள்ளும்.

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டாகிவிட்டது. தம்பி உள்ளே, நான் வெளியே தள்ளி நின்றுகொண்டு. எக்ஸ்டென்ஷன் வழுக்கினால் கல் மாதிரி பறக்கும், அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பது பைத்தியக்காரத்தனம். "மெதுவா திருப்புடா... மெதுவா... நிறுத்து!" முதல் தடவை ஒன்றும் இல்லை. "அண்ணே, இன்னும் கொஞ்சம் திருப்பவா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எக்ஸ்டென்ஷனை எதிர்ப்பக்கப் போல்ட்டுக்கு மாற்றி, ஸ்டீயரிங்கை மறுபக்கம் திருப்பச் சொன்னேன். இது முக்கியம், ஒரே போல்ட்டில் அமுக்கிக்கொண்டே போனால் ஹப் சாய்ந்து இன்னும் இறுகும். நாலாவது மாற்றத்தில் ஒரு முனகல். ஹப்புக்கும் நக்கிளுக்கும் நடுவில் ஒரு மயிரிழை தெரிந்தது, அதிலிருந்து செங்கல் தூள் மாதிரி துரு பொலபொலவென்று கொட்டியது. அந்த இடுக்கில் எண்ணெய் அடித்து, மாற்றி மாற்றி இன்னும் ஆறேழு தடவை. கடைசியில் போல்ட்டை எடுத்துவிட்டுக் கையால் ஆட்டியதும் வந்துவிட்டது. மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும்.

கேஸ் டார்ச் வைத்துக் காய்ச்சலாம் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்திலேயே பால் ஜாயிண்ட் ரப்பர், ஏபிஎஸ் ஒயர், கிரீஸ், போதாக்குறைக்கு நாம் அடித்த எண்ணெய். எனக்குத் தைரியம் இல்லை.

ஹப் வந்த சந்தோஷத்தில் ஷாஃப்டை சரக்கென்று உருவிவிடாதீர்கள். என் ஆக்சிலில் ஆயில் சீல் உள்ளே டிஃப்ரென்சியல் பக்கத்தில் இருக்கிறது. ஷாஃப்டின் எடை அந்த சீலின் மெல்லிய ரப்பர் உதட்டில் உட்கார்ந்தால், கூடவே நுனிப் பல்லும் உரசினால், உதடு கிழிந்து எண்ணெய் குழாய் வழியாக ஒழுகும். ஒரு கை கிராஸுக்கு அடியில், இன்னொரு கை எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு உள்ளே, ஷாஃப்டைப் படுத்த வாக்கில் வைத்தே நேராக இழுக்கவேண்டும். கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிராஸின் ஒரு மூடியைத் தட்டி எடுத்தால் ஊசி உருளைகள் பாதி பழுப்புப் பொடியாகவே இருந்தன, ஒரு துளி கிரீஸ் இல்லை.

மாட்டுவது பெரிய விஷயம் இல்லை. நக்கிள் துளையை வயர் பிரஷ், அப்புறம் எமரி பேப்பர் போட்டு இரும்பு தெரியத் தேய்த்தேன். கிரைண்டர் வைக்கவில்லை, துளை பெரிதாகிவிடும். துளையில் ஆன்டி சீஸ் (துருவில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) மெல்லிசாக ஒரு பூச்சு, ஷாஃப்ட் பல்லிலும் அதே. ஷாஃப்டை உள்ளே விடும்போது பல் பொருந்தும்வரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே தள்ளினேன், இடிக்கவில்லை. அழுத்தம் வாங்கிய போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு. டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவு. நடு நட்டை முழுதாக இறுக்கும் முன் வண்டியின் எடையை அந்த வீலில் இறக்கக் கூடாது, பேரிங் அங்கேயே கெட்டுவிடும்.

டிஃப்ரென்சியலில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினேன். இடது பக்கம் சத்தமே இல்லை. அது அடங்கியதால்தானோ என்னவோ, முழுதாக ஒடித்துத் திருப்பும்போது வலது பக்கத்திலிருந்து ஒரு சின்ன டிக் கேட்கிறது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிட்டான்.