எட்டு மாத ஸ்ட்ரிங்

நேற்று ராத்திரி அரை மணி நேரம் கிட்டாருக்குச் சுருதி பார்க்கும் டியூனரோடு மல்லுக்கட்டினேன். வெறுமனே மீட்டினால் ஆறு ஸ்ட்ரிங்கும் சரியாக நிற்கின்றன. 12-வது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் நான்காவது மட்டும் சுருதி விலகுகிறது. கிட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் அந்த ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டிப் பார்த்தால், ஃபிரெட் படும் இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம். மாட்டி எட்டு மாதம் ஆகிறது. தப்பு என்மேல்தான்.

அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அறுவதற்கு ரொம்ப முன்னாடியே அது செத்துவிடும். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தடித்த ஸ்ட்ரிங்கின் மேல் சுற்றியிருக்கும் கம்பிக்குள் போய் அடைந்துகொள்ள, கணீர் என்றிருந்த நாதம் மொத்தென்று ஆகிவிடும். தினமும் வாசித்தால் ஒன்றிரண்டு மாதம், எப்போதாவது என்றால் மூன்று நான்கு மாதம். கை வியர்க்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. கோட்டிங் போட்டது கூடுதல் நாள் தாங்கும், ஆனால் விரல் வழுக்குகிற மாதிரி இருப்பதால் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டாருக்கு 80/20 ப்ரான்ஸ் (80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம்) முதல் நாள் பளிச்சென்று பேசும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் ப்ரான்ஸ் கொஞ்சம் இதமானது, நிதானமாகத்தான் வயதாகும். என் ஓட்டு அதற்கு. புதிதாகக் கற்பவர் 12 செட்டுக்குப் பதில் மெல்லிசான 10 செட் (எண் என்பது மிக மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) மாட்டினால் விரல் நுனி பிழைக்கும். அப்புறம், நைலான் ஸ்ட்ரிங் கிட்டாரில் தயவுசெய்து ஸ்டீல் ஸ்ட்ரிங் மாட்டாதீர்கள். இழுவை தாங்காமல், ஸ்ட்ரிங்கைக் கட்டியிருக்கும் பிரிட்ஜே பெயர்ந்து வரலாம்.

புது செட் மாட்டியாயிற்று. இழுத்துவிட்டு டியூன் செய்வது இது நான்காவது முறை, இன்னும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கிறது.