மொய்க் கணக்கும் டிவிடி டிரைவும்

சித்திக்கு அந்தக் கல்யாண டிவிடியை உடனே பார்த்தாக வேண்டும். பழைய நினைவு, பாசம் என்றெல்லாம் எண்ணிவிட வேண்டாம். தொண்டியில் இருக்கும் உறவினர் ஒருவர் தம் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாரா, மொய் செய்தாரா என்பது சித்தியின் கேள்வி. மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சி டிவிடி. அதைப் போடும் வசதியுள்ள மடிக்கணினி தெருவிலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பாம்பனில் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. 1914இல் திறந்த ரயில் பாலமே துருவோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, 2025இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. என் டிவிடி டிரைவ் எம்மாத்திரம்? டிவிடியைப் போட்டால் கரகரவென்று சுற்றிவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்று சாதித்தது.

சோதித்துப் பார்க்க அம்மாச்சியின் பக்திப் பாடல் சிடியைப் போட்டேன். கணீரென்று பாடியது! சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. இரண்டில் ஒன்று படுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். நான் இதை விளக்கி முடிப்பதற்குள், "சாமி பாட்டென்றால் பாடுகிறது, ஊர்க் கணக்கென்றால் வாயை மூடிக்கொள்கிறது. பெட்டிக்கு இருக்கும் புத்தி உங்களுக்கு இல்லையே" என்று அம்மாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சித்தி விடவில்லை. மறுபடியும் டிவிடியைப் போட்டோம். இந்த முறை தட்டு வெளியே வரவும் மறுத்துவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்களும்தான். திண்ணை நிறைந்துவிட்டது. படகு எஞ்சின் பழுது பார்க்கும் மாமா ஸ்பேனர் பையோடு வந்து, டிரைவில் காதை வைத்துக் கேட்டு, "கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்ப்போமா மாப்பிள்ளை?" என்றார். நான் மடிக்கணினியை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

இந்த டிரைவ்களின் முகப்பில் ஒரு பொடித் துளை உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதில் கம்பியை நேராகச் செலுத்தி அழுத்தினால் உள்ளே இருக்கும் கொக்கி விடுபட்டுத் தட்டு வெளியே வரும். கம்பி எங்கே? ஒருவர் தங்கூசி என்னும் நைலான் தூண்டில் நரம்பைக் கொண்டுவந்தார், அது வளைந்தது. இன்னொருவர் தூண்டில் முள்ளை நிமிர்த்தப் போய் உடைத்தார். வலை பின்னும் ஊசி, துளையைவிடப் பெரிது. சித்தி ஒன்றும் பேசாமல் தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, நிமிர்த்தி, குத்தினார். டக்கென்று தட்டு எட்டிப் பார்த்தது. மாமா ஸ்பேனர் பையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினார்.

தட்டோடு வெளியே வந்த லென்ஸைப் பஞ்சால் துடைத்தும் டிவிடியை அது படிக்கவில்லை. கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கிவந்தேன்.

மேடையில் பரிசு கொடுக்கும் வரிசையைத் தெருவே உட்கார்ந்து பார்த்தது. தொண்டிக்காரர் இல்லை. சித்தியின் முகம் மலர்ந்தது. பிறகு பந்திக் காட்சி வந்தது. முதல் பந்தியில், இலைக்கு முன்னால், கேமராவைப் பார்த்துக் கையசைத்தபடி அவர். அடுத்த பந்தியிலும் அவரேதான்.

"மொய் எழுதாவிட்டால் போகிறது," என்றார் சித்தி. "நாம் எல்லோரும் போய் இரண்டு பந்தி சாப்பிட்டு வருவோம்."