பூட்டு விழும் ஓசை

அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ரப்பர் உறை போட்ட ஒரு கம்பிச் சட்டம் தலைக்கு மேலிருந்து இறங்கி வந்து, இரு தோள்களையும் அணைத்தபடி மார்பின்மேல் படிந்தது. படியும்போது டக், டக், டக் என்று மூன்று முறை பல்லில் பல் விழும் சத்தம் கேட்டது. மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு அதை மேலே தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சென்ற ஆண்டு மே விடுமுறையில், எர்ணாகுளத்துக்கு அருகில் உள்ள ஒரு தீம் பார்க்கில், என் மகளுக்கும் அண்ணன் மகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ரைடு இன்னும் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை. அதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை ஈரமாகி வழுக்கியது, உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போயின. இந்த நொடியே வெளியே போகாவிட்டால் செத்துவிடுவேன் என்பதைத் தவிர மண்டையில் வேறு நினைப்பே இல்லை. "அத்தே, கை வலிக்கு, விடுங்க" என்று அண்ணன் மகன் சொன்னபோதுதான், அவன் மணிக்கட்டை நான் இறுகப் பிடித்திருப்பது எனக்கே தெரிந்தது.

கத்திவிட்டேன். பணியாளர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, என் வரிசை முழுவதற்கும் பூட்டு விலகியது. மலையாளத்தில் அவர் முணுமுணுத்தது எனக்கு விளங்கவில்லை என்றாலும் அவர் முகம் விளங்கியது. இறங்கும் படிக்கட்டில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். கீழே எலுமிச்சை சாறு விற்கும் கடையின் நிழலில் என்னை உட்கார வைத்த மதினி, "ஒண்ணுமில்லம்மா, வெயிலாத்தான் இருக்கும்" என்றாள். நானும் வெயில்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று வானம் மூடியிருந்தது.

எனக்கு உயரம் பயமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலி டவுன் பொருட்காட்சித் திடலில் ராட்டினம் போடும்போதெல்லாம் ஏறியிருக்கிறேன். ஆளை ஏற்றி இறக்குவதற்காக உச்சியில் நிறுத்திவிடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்; நானோ நெல்லையப்பர் கோயில் கோபுரம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பேன். வேகமும் பயமில்லை. ஆனால் ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நடுக்கூட்டத்துக்குள் நான் ஒருபோதும் நின்றதில்லை; ஏதாவது ஒரு கடையின் படிக்கட்டு கிடைத்தால்தான் தேரைப் பார்ப்பேன். பேருந்தில் சன்னலோரம்தான் வேண்டும். துணிக்கடையில் மூன்று மாடியானாலும் படியேறித்தான் போவேன். இவை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோக்கலாம் என்று அந்த எலுமிச்சை சாற்றுக் கடை நிழலில் உட்காரும் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஊர் திரும்பிய பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். இதற்கு முன், நெஞ்சு அடைத்தது என்பதற்காக ஈசிஜி எடுத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். முதல் முறை இப்படி வருகிறவர்கள் இதைச் செய்துவிடுவது நல்லது. வெறும் படபடப்புதான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் உதவியது உடம்பின் கணக்குதான். ஆபத்து என்று மூளை தவறாக மணியடித்ததும் அட்ரினலின் பாய்கிறது, மூச்சு தேவைக்கு மேல் வேகமாகிறது. அப்படி மூச்சு வாங்கும்போது குறைவது ஆக்சிஜன் அல்ல, இரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயு. அது குறைவதால்தான் விரல் மரத்துப்போகிறது, தலை கிறுகிறுக்கிறது, காற்றே இல்லாதது போலத் தோன்றுகிறது. காற்று போதவில்லை என்று நினைத்து மேலும் இழுக்க இழுக்க, நிலைமை மோசமாகிறது. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாக இறங்கத் தொடங்கும். மயங்கி விழுவது அபூர்வம், ஏனென்றால் அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் பொதுவாக ஏறித்தான் இருக்கும். இதைக் கேட்டபோது என் உடம்பை எனக்கு யாரோ முதன்முறையாக அறிமுகம் செய்து வைத்ததுபோல் இருந்தது.

அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. "உங்களுக்கு மூச்சு முட்டிவிடும் என்று பயமா, அசைய முடியாது என்று பயமா?" மூடிய இடத்து அச்சம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இவ்விரண்டும் தனித்தனியாக இருக்கின்றன என்று ராக்மன், டெய்லர் என்ற உளவியலாளர்கள் 1993-இல் எழுதியிருக்கிறார்களாம். சிலருக்கு முதலாவது, சிலருக்கு இரண்டாவது, சிலருக்கு இரண்டும். எனக்கு இரண்டாவது. இருட்டோ, சிறிய அறையோ, கதவின் தாழ்ப்பாள் என் கையில் இருக்கும் வரை எனக்குத் தொந்தரவு இல்லை. தாழ்ப்பாள் வேறொருவர் கையில் இருப்பதுதான் தாங்கவில்லை.

காரணம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் நான்கு வயதில் ஆச்சி வீட்டுக் குலுக்கைக்குள் ஒளிந்து விளையாடப் போய், யாரோ மூடியைப் போட்டுவிட, அரைமணி நேரம் கழித்து அழுகைச் சத்தம் கேட்டு எடுத்தார்கள் என்று அம்மா சொல்கிறாள். நெல் கொட்டும் அந்த மண் குலுக்கை எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே கிடந்தது நினைவில் இல்லை. அதுதான் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரியாமலேயே சிகிச்சை நடக்கும் என்று மருத்துவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். வீட்டில் மட்டும் குலுக்கைக் கதை நிலைத்துவிட்டது. கதை இருந்தால்தான் சொந்தக்காரர்களுக்கு நிம்மதி.

அவர் கொடுத்த பயிற்சி புதிதொன்றும் அல்ல. பயப்படும் பொருளைச் சிறு சிறு படிகளாக அணுகும் இந்த முறையை ஜோசப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் 1950-களிலேயே ஒழுங்குபடுத்தியிருக்கிறார். என் முதல் படி வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை லிஃப்ட். தரைத்தளத்தில் ஏறி முதல் மாடியில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது தப்பித்து ஓடக் கூடாது, அது இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளுமாம். எனவே நான் அந்த லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தேன். லிஃப்ட் இயக்கும் பெரியவர் மூன்றாவது முறை பொறுக்க முடியாமல், "எத்தனாவது மாடிக்கும்மா போணும்?" என்று கேட்டார். "மாடிக்கு இல்லய்யா, சும்மாதான்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து நின்றுகொண்டார். நான்கு வாரங்களில், அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஐந்து மாடியும் போகப் பழகிவிட்டேன். நடுவில் ஒருநாள் பழைய பயம் முழுதாகத் திரும்பி வந்து, படியிறங்கி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதும் உண்டு.

மூச்சைப் பற்றிய பாடத்தை மட்டும் நான் மருத்துவரிடம் கற்கவில்லை. நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும், பயத்துக்கு மருந்து என்று தெரியாதே தவிர. ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் பேரருவியில் நிற்கும்போது, நிமிர்ந்து வாயைத் திறந்தால் தண்ணீர் மூச்சை அடைத்துவிடும். முதல் முறை வருகிறவர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடுவது அதனால்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மோவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்தால் அருவி பின்னந்தலையிலும் முதுகிலும் விழும். முகத்துக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றிடம் கிடைக்கும். தண்ணீர்த் திரைக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்தில் மூக்கால் நிதானமாக மூச்சு விடலாம். என் அம்மா எனக்குக் காட்டித்தந்தது அது. மருத்துவர் நான்கு எண்ணி உள்ளே இழுத்து ஆறு எண்ணி வெளியே விடுங்கள் என்றபோது, எண்ணிக்கை எனக்கு ஒட்டவில்லை. அருவிக்கடியில் குனிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டதும் எண்ணிக்கை தானாக வந்துவிட்டது.

இந்த ஆண்டு மறுபடியும் அதே தீம் பார்க்குக்குப் போனோம். பிள்ளைகள் கேட்டது பாதி, என் பிடிவாதம் பாதி. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துச் செவ்வாய்க்கிழமை, அதுவும் பள்ளிகள் திறந்த பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். காலையில் காபி குடிக்கவில்லை. காபியின் படபடப்பும் பயத்தின் படபடப்பும் எனக்கு ஒன்றாகவே தெரியும். ஆனால் வெறும் வயிறும் ஆகாது என்பதால் இட்லி சாப்பிட்டேன்.

ரைடைவிட வரிசைதான் கொடுமை என்பதை அங்கே போனபோதுதான் ஒழுங்காகக் கவனித்தேன். தகரக் கூரைக்குக் கீழே, இடுப்பளவுக் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே பாம்புபோல் வளைந்து வளைந்து போகும் வரிசையில், முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்க, முக்கால் மணி நேரம் நிற்கவேண்டி வந்தால், பயம் வேகவைக்கப்பட்டுத்தான் நாற்காலிக்குப் போய்ச் சேரும். அதனால் கூடுதல் பணம் கொடுத்து வரிசையைத் தாண்டும் ஃபாஸ்ட் டிராக் சீட்டு வாங்கினேன். காசுள்ளவன் முன்னால் போவது எனக்குப் பிடிக்காத வழக்கம்தான். கோயில் சிறப்பு வழியில்கூட நான் போவதில்லை. இந்த ஒரு நாளைக்கு என் கொள்கையைத் தள்ளி வைத்தேன். அதோடு, ஒவ்வொரு வரிசையிலும் ஏறும் மேடைக்குப் பக்கத்தில், கடைசி நேரத்தில் மனம் மாறுகிறவர்கள் வெளியேற ஒரு சிறு வழி இருக்கிறதா என்று பணியாளரிடம் கேட்டுக்கொண்டேன். நான் கேட்ட இடங்களில் எல்லாம் இருந்தது. கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வெளியே நின்று ரைடைப் பார்த்தேன். பூட்டு விழுவதிலிருந்து திறப்பது வரை கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அடுத்த சுற்றிலும் ஏறக்குறைய அதுவேதான். ஒருமுறை கிளம்பிவிட்டால் நடுவில் யாராலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. ஆளைக் காப்பதே அதுதான். ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் மேடை. மதினியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: நான் "தண்ணி வேணும்" என்றால், ஏன் என்று கேட்காமல், தைரியம் சொல்லாமல், என்னோடு வெளியே வந்துவிட வேண்டும். தைரியம் சொல்கிறவர்களால்தான் எனக்கு அதிகத் தொந்தரவு. "இதுக்குப் போயா?" என்ற ஒரு சொல்லில் பயம் அவமானமாகவும் மாறி இரண்டு மடங்காகிவிடும்.

முதலில், தொடைக்கு மேல் ஒற்றைக் கம்பி மட்டும் வந்து நிற்கும் சிறிய ரோலர் கோஸ்டரில், ஓரத்து இருக்கையில் ஏறினேன். கம்பி பூட்டிக்கொண்டபோது நெஞ்சு துள்ளியது. மோவாயை இறக்கிக்கொண்டேன். முதல் இறக்கத்தில் நான் கத்தியது சந்தோஷத்திலா பயத்திலா என்று மகள் கேட்டாள். பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அலைக்குளத்தில் ஒரு மணி நேரம் கிடந்தோம். இருட்டு அரங்கில் நாற்காலி ஆடும் படக்காட்சிக்கு எல்லோரும் போனார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான் வெளியே இருந்துவிட்டேன்.

மாலையில் அந்தத் தோள் சட்ட ரைடு. மேடை வரை போனேன். இருக்கையில் உட்கார்ந்தேன். சட்டத்தை நானே இழுத்து இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன், பணியாளர் தலையசைத்தார். டக். டக். அத்தோடு நிறுத்தி, மதினியைப் பார்த்து "தண்ணி வேணும்" என்றேன். இந்த முறை கத்தவில்லை. அண்ணன் மகனின் கையைப் பிடிக்கவும் இல்லை. மதினியும் நானும் இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, பிள்ளைகள் இருவரும் தலைகீழாகச் சுற்றுவதைக் கீழிருந்து பார்த்தோம். டிக்கெட் காசு வீண்தான் என்று மதினி சொன்னாள், அது உண்மை.

மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்களுக்காக ஒன்று: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

பாலருவி ரயிலில் ஊர் திரும்பினோம். அது போகும், புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையிலான மலை ரயில்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அதில் ஆரியங்காவைத் தாண்டியதும் ஒரு நீண்ட குகை வரும். போன ஆண்டு அந்த இடம் வருமுன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணை இறுக்கியிருந்தேன். இந்த முறை நள்ளிரவுக்குப் பின் விழித்திருந்து, சன்னல் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரச் சத்தம் திடீரென்று கனத்து, சுவர் பக்கத்தில் வந்தது தெரிந்தது. குனிந்துகொண்டு மூச்சை எண்ணத் தொடங்கினேன். சத்தம் விலகி, பகவதிபுரம் நிலையத்தின் விளக்கு கண்ணாடியில் விழுந்தபோது பதினொன்றாவது மூச்சில் இருந்தேன்.